கஞ்சி வைக்கப் போய்ப் பசை காய்ச்சிவிட்டேன். உங்கள் வீட்டுக் கஞ்சி எப்படி?

கடைசிபெஞ்ச் · திங்கள், இரவு 9.10

ஞானப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு மெல்லக் கூடாது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெங்களூரில் தனி அறை. ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு மிக்ஸி. என் சமையலறை அவ்வளவுதான்.

சரி, கஞ்சிதானே என்று ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீர் ஊற்றி நாலு விசில் விட்டேன். குழைந்த சோறு வந்தது. மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். சூட்டில் மூடி எகிறிப் பாதி சுவருக்குப் போனது. மீதி, போஸ்டர் ஒட்டுகிற பசை. கரண்டியைத் தூக்கினால் ஜாரும் கூடவே எழுந்து வருகிறது.

அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். பல் விஷயமே இன்னும் சொல்லவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். காய்ச்சலுக்கு வைப்பது மட்டுமில்லை, உங்கள் வீட்டில் ஆசைப்பட்டுக் குடிக்கிற கஞ்சி இருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கஞ்சியில் ஒரு வாசம் வரும். என்ன போட்டால் அது வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரைஆழாக்கு · திங்கள், இரவு 9.34

தம்பி, மூன்று தப்பு. முதலாவது, தண்ணீர். ஒன்றுக்கு மூன்று என்பது சோற்றுக் கணக்கு. கஞ்சிக்குக் குக்கரில் ஒன்றுக்கு எட்டு, திறந்த பாத்திரத்தில் ஒன்றுக்குப் பத்து. இரண்டாவது, முழு அரிசி. மூன்றாவதுதான் பெரிய தப்பு. வெந்த அரிசியை ஒருநாளும் மிக்ஸியில் ஓட்டக் கூடாது. வெந்து உப்பியிருக்கும் மாவுச்சத்தை பிளேடு கிழித்து மொத்தமாக வெளியே கொண்டுவந்துவிடும். பசை காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டுமானால் அது சரி. உடைப்பதாக இருந்தால் வேகவைப்பதற்கு முன்னால் உடைக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் செய்வது இதுதான். புழுங்கலரிசியை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். சிவக்க வேண்டாம், அரிசி வெளுத்து லேசாகப் பொரிகிற சத்தம் வந்தால் போதும். ஆறியதும் மிக்ஸியில் இரண்டு சுற்று, ரவை பதத்துக்கு. இதுதான் நொய். டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மாதம் கவலையில்லை. கால் கப் நொய், இரண்டு கப் தண்ணீர், அரை ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு, குக்கரில் ஐந்து விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து உப்புப் போட்டுக் கரண்டியால் மசித்து, கெட்டியாகத் தெரிந்தால் வெந்நீர் விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் ருசி கெடும்.

மோர் ஊற்றுவதென்றால் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு. முன்னால் ஊற்றினால் திரியும்.

உங்கள் வீட்டு வாசம் அந்த வறுத்த நொய்யாகத்தான் இருக்கும் என்று என் கணிப்பு.

சோத்துக்கட்சி · திங்கள், இரவு 9.51

கஞ்சியை ஆசைப்பட்டுக் குடிக்கிறவர்களும் உண்டா? நான் படித்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மிஞ்சிய சோற்றில் ராத்திரி வெந்நீரை ஊற்றிக் கலக்கி, கஞ்சி என்று போர்டு எழுதி வைப்பார்கள். மூன்று வருஷம். அந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. பல் பிடுங்கினால் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள் சகோ.

தாமிரபரணிக்காரி · திங்கள், இரவு 10.20

சோத்துக்கட்சி அண்ணே, நீங்கள் குடித்தது கழுநீர். அதை வைத்துக் கஞ்சியைத் திட்டாதீர்கள்.

எங்கள் பக்கம் உளுந்தங்கஞ்சி. பெண் பிள்ளை பெரியவளானால், பிரசவம் ஆனால் இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பார்கள். ஆனால் என் வீட்டில் அதிகம் குடிக்கிறது என் தம்பிதான்.

தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து அரை கப். வெறும் சட்டியில் வாசம் வருகிறவரை வறுங்கள். இதில் அவசரப்பட்டால் கஞ்சி பச்சை வாடை அடிக்கும். கால் கப் பச்சரிசி, அரை ஸ்பூன் வெந்தயம், எட்டுப் பல் பூண்டு, நாலரை கப் தண்ணீர், குக்கரில் சிறு தீயில் ஆறு விசில். திறந்து மத்தால் கடைய வேண்டும். உளுந்து மசிந்து, தோல் மட்டும் அங்கங்கே கறுப்பாகத் தெரியும். முக்கால் கப் கருப்பட்டியைத் தட்டிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டி ஊற்றுங்கள். கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும், பல் பிடுங்கிய இடத்தில் நறநறவென்று மாட்டினால் கஷ்டம். ஒரு கொதி வந்ததும் சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால். பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீர்கள், ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள்.

உப்புப் போட்டுக் குடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அது உளுந்தஞ்சோறு. அரிசி அதிகம், தேங்காய்த் துருவல், உப்பு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அது வேறு, இது வேறு.

அரைஆழாக்கு · திங்கள், இரவு 10.31

> எட்டுப் பல் பூண்டு ... கருப்பட்டி

இனிப்பில் பூண்டா?

தாமிரபரணிக்காரி · திங்கள், இரவு 10.33

ஆமாம்.

அரைஆழாக்கு · திங்கள், இரவு 10.34

எட்டுப் பல்லா?

தாமிரபரணிக்காரி · திங்கள், இரவு 10.40

ஐயா, ஒரு தடவை செய்து பாருங்கள். உளுந்தோடு வெந்து கடைந்த பிறகு பூண்டு தனியாகத் தெரியாது. உளுந்து வாயுப் பொருள் என்று வீட்டில் பயப்படுவார்கள், அதற்காகத்தான் பூண்டும் சுக்கும் வெந்தயமும். பூண்டில்லாமல் வைத்தால் அது பாயசம்.

பிலாவிலை · செவ்வாய், காலை 6.15

நான் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்க்காரர்கள் நாங்கள், எல்லைக்கோடு மாறினாலும் அடுப்பு மாறவில்லை. எங்களுக்குக் கஞ்சியென்றால் கஞ்சியும் பயறும். சம்பா புழுங்கலரிசியை உடைக்காமல் நிறையத் தண்ணீரில் வேகவைப்போம். பருக்கை முழுசாக இருக்கும், தண்ணீர் தனியாக நிற்கும். மசித்துக் குழைத்தால் எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். பக்கத்தில் சிறுபயறு தோரன், சுட்ட தேங்காய்ச் சம்மந்தி.

சம்மந்திக்குத் தேங்காய்ச் சில்லைக் கனலில் போட்டு விளிம்பு கருகச் சுட வேண்டும். கேஸ் தீயில் இடுக்கியால் பிடித்தும் சுடலாம். அதே தீயில் இரண்டு வற்றல் மிளகாய். நாலு சின்ன வெங்காயம், கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு வைத்துத் தண்ணீர் விடாமல் அம்மியில் அரைத்து உருண்டையாக வழித்து எடுப்போம். முன்பெல்லாம் பலா இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குக் குத்தி, அதால்தான் கோரிக் குடிப்போம். பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

தம்பி, உங்கள் பல்லுக்கு இது இப்போது வேண்டாம். மிளகாயும் பருக்கையும் அந்தக் குழிக்குள் போனால் என்னைத்தான் திட்டுவீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச் · செவ்வாய், மதியம் 1.05

நொய்க் கஞ்சி வைத்தேன்! ஐயா சொன்ன அளவு அப்படியே. குக்கரைத் திறந்ததும் வந்த வாசத்துக்கே பாதி வலி போனது. ஆனால் பொறுமை இல்லாமல் சூட்டோடு தயிரைக் கொட்டிவிட்டேன். திரிந்துவிட்டது. வெள்ளைத் திப்பி திப்பியாக மிதந்தது. அப்படியே குடித்தேன்.

எங்கள் வீட்டு வாசம் இது இல்லை ஐயா. கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அதில் இன்னும் ஏதோ அடர்த்தியாக ஒன்று இருக்கும்.

அரைஆழாக்கு · செவ்வாய், மதியம் 1.40

சொன்னேனே.

வாசத்துக்கு அடுத்த கணிப்பு: ஓமம். அல்லது அம்மா வடிகஞ்சியில் வைத்திருப்பார். சோறு வடித்த கஞ்சியை எடுத்து அதிலேயே நொய்யைப் போடுகிற வீடுகள் உண்டு. குக்கர் வந்த பிறகு வடிகஞ்சி என்ற பொருளே பல வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. உப்பும் ஒரு துளி வெண்ணெயும் போட்டு அதைக் குடித்த தலைமுறை நாங்கள். மிச்சம் பருத்திப் புடவைக்குப் போகும்.

கடலோரம் · செவ்வாய், மாலை 5.20

பல் சரியானதும் நோன்புக் கஞ்சிக்கு வாருங்கள். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ரமலான் முழுக்க மதியமே தேக்சாவை ஏற்றிவிடுவார்கள். மாலை ஆனால் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். நோன்பு வைத்தவர்கள் மட்டுமில்லை, எதிர் வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை அனுப்புவார்கள். இதற்காகவே ஆண்டுதோறும் தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது.

வீட்டளவுக்குச் சொல்கிறேன். முதலில் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய். வெங்காயம் வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை ஸ்பூன், பச்சை வாடை போனதும் தக்காளி, புதினா, மல்லி, 100 கிராம் கொத்துக்கறி. கறி தண்ணீர் விட்டு அது வற்ற வேண்டும். இந்த இடத்தில் நின்று கிளறாவிட்டால் கறி கட்டி கட்டியாகிவிடும். கரண்டி முனையால் உடைத்துக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒரு கப் பச்சரிசி நொய், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், எட்டுக் கப் தண்ணீர், உப்பு. நாலைந்து விசில். கடைசியில் ஒரு கப் தேங்காய்ப்பால். கறி வேண்டாம் என்றால் கேரட் போடுங்கள், தப்பில்லை. வெந்தயத்தை மட்டும் விடாதீர்கள். பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அது குளிர்ச்சி என்பார் என் உம்மா.

சோத்துக்கட்சி பாய், இதைக் குடித்துவிட்டு உங்கள் கட்சியை மாற்றிக்கொள்ளலாம்.

சோத்துக்கட்சி · செவ்வாய், மாலை 5.48

கொத்துக்கறி போட்டால் அது கஞ்சிக் கணக்கில் வராது. சாப்பாட்டுக் கணக்கு. அதனால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஈசூன்வாசி · செவ்வாய், இரவு 8.30

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே சீனக் கஞ்சியிலும் இதே சண்டைதான். தியோச்சூ ஆட்கள் பிலாவிலை சொன்ன மாதிரி, பருக்கை தனி, தண்ணீர் தனி. உப்பு முட்டை, ஊறுகாய்க் கீரை பக்கத்தில். கான்டனீஸ் ஆட்கள் பருக்கையே தெரியாமல் கரைகிறவரை கிண்டுவார்கள். இரண்டையும் ஆங்கிலத்தில் 'கொஞ்சி' என்கிறார்கள். அது நம்முடைய கஞ்சிதான், போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. கார்சியா ட ஓர்ட்டா என்ற மருத்துவர் கோவாவில் 1563இல் அச்சிட்ட நூலில், நோயாளிக்கு அரிசி பிழிந்த நீரில் மிளகும் சீரகமும் போட்டுக் கொடுப்பார்கள், அதைக் 'கஞ்சே' என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். மிளகும் சீரகமும்! நானூற்று அறுபது வருஷமாக அதே டப்பாவைத்தான் திறக்கிறோம்.

வெந்தயடப்பா · செவ்வாய், இரவு 9.15

ஒரு எச்சரிக்கை மட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. காய்ச்சல் நேரத்தில் லேசான சாப்பாடு என்று மூன்று வேளையும் வெறும் அரிசிக் கஞ்சி கொடுத்தோம். மூன்றாம் நாள் சர்க்கரை எகிறிவிட்டது. குழைய வெந்த அரிசி வயிற்றில் சீக்கிரம் கரையும், அதனால்தான் அது லேசாக இருக்கிறது. அதே காரணத்தால் ரத்தத்திலும் சர்க்கரை சீக்கிரம் ஏறும். இப்போது அரிசியைப் பாதியாக்கி அந்த இடத்தில் பாசிப்பயறு போடுகிறோம், அளவும் ஒரு கிண்ணம்தான்.

அதே மாதிரி குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லதுதான், ஆனால் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குப் பதிலாக அதை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம்.

வடமராட்சி · புதன், காலை 7.02

டொரோண்டோவில இருந்து எழுதுறன். எங்கட வீட்டில இலைக்கஞ்சி. முசுமுசுக்கை, முல்லை, வல்லாரை, தூதுவளை, இதில கிடைக்கிறது எதுவோ அது. சிங்களவரும் இதைக் 'கொல கெந்த' எண்டு காலமையில குடிக்கிறவை.

அரைக் கப் சிவப்பரிசியை நல்லா அவிய விட வேணும். இலை இரண்டு கைப்பிடியைக் கழுவி, கொஞ்சத் தண்ணியோட அரைச்சு, துணியில பிழிஞ்சு சாறு எடுங்கோ. அரிசி கரைஞ்சு வந்ததும் தேங்காய்ப்பால், உப்பு. ஒரு கொதி. அதுக்குப் பிறகுதான் இலைச்சாறு. சாறு விட்டாப் பிறகு இரண்டு நிமிசம், அவ்வளவுதான். கூட நேரம் கொதிச்சால் பச்சை நிறம் போய்க் காக்கி நிறமாகும், கைப்பும் ஏறும். இறக்கி வைச்சுத்தான் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட வேணும், அடுப்பில இருக்கேக்க விட்டால் பால் திரைஞ்சு போகும். தம்பிக்கு அது விளங்கியிருக்கும்.

ஒரு மிடறு கஞ்சி, ஒரு கடி பனங்கட்டி. இங்க இலை கிடைக்காத மாரியில பசளிக்கீரையில வைச்சுப் பார்த்தன். பச்சையா இருந்தது. வேற ஒண்டும் சொல்ல ஏலாது.

தாமிரபரணிக்காரி · புதன், காலை 9.40

பனங்கட்டியும் எங்கள் கருப்பட்டியும் ஒன்றுதானே! உங்களுடையது ஓலைக் குட்டானில் வரும், எங்களுடையது சிரட்டையில் ஊற்றி எடுத்த வட்டு. நன்றி அண்ணா, வல்லாரை எங்கள் வாய்க்கால் ஓரமே கிடக்கிறது, இன்றைக்கே செய்கிறேன்.

அரைஆழாக்கு · வியாழன், இரவு 8.12

உளுந்தங்கஞ்சி வைத்தோம். பூண்டு எட்டுப் பல் போடப்பட்டது. வீட்டில் இரண்டாவது தடவை கேட்டார்கள். இதற்குமேல் இதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

தாமிரபரணிக்காரி · வியாழன், இரவு 8.13

:)

கடைசிபெஞ்ச் · வெள்ளி, இரவு 10.25

மாட்டிக்கொண்டேன். கருப்பட்டி எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்க அம்மாவுக்கு போன் போட்டேன். "ஏன்டா கொழகொழன்னு பேசுற" என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் என் வாயிலிருந்து வாங்கிவிட்டார். இன்று காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். பையில் கருப்பட்டி, நொய், ஒரு பழைய பாத்திரம்.

வாசத்தைப் பற்றிக் கேட்டேன். வறுத்த நொய்யா, ஓமமா, வடிகஞ்சியா, இங்கே நீங்கள் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சீரகம்கூடப் போட்டதில்லையாம். அரிசி, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அது வாசம் இல்லடா, அடிப்பிடிச்சது. அடுப்புல வச்சுட்டு உங்களக் கிளப்பவும் டிபன் கட்டவும் ஓடுவேன். ஒரு நாளும் பக்கத்துல நின்னு கிண்டுனதில்ல."

இன்றைக்குப் பக்கத்திலேயே நின்று கிண்டினார். நல்ல கஞ்சி. வாசம் இல்லை. இண்டக்‌ஷனில் அளவாக அடிப்பிடிக்க வைப்பது எப்படி என்று யாருக்காவது தெரியுமா?

அரைஆழாக்கு · வெள்ளி, இரவு 10.41

குக்கர் உதவாது. அம்மா கொண்டுவந்த பாத்திரம் அலுமினியமாக இருந்தால் இண்டக்‌ஷனில் ஏறாது. அடி தட்டையான, மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அடிகனமானது வேண்டாம். நொய் வெந்து கெட்டிப்படும்வரை கிண்டுங்கள். கெட்டிப்பட்டதும் கரண்டியை எடுத்துவிட்டுச் சிறு சூட்டில் மூன்று நிமிஷம் விடுங்கள், நடுவில்தான் முதலில் பிடிக்கும். வாசம் வந்த உடனே அடியைச் சுரண்டாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடுங்கள். சுரண்டினால் கசக்கும். பாத்திரத்தை ராத்திரியே ஊறப் போடுங்கள்.